கண்ணைத் தொடாத காவல்

பார்வையைக் காக்கும் பழக்கங்கள் என்று மருத்துவம் இன்று சொல்பவற்றில் பெரும்பாலானவை கண்ணைத் தொடுவதேயில்லை. எதைச் சமைப்பது, எவ்வளவு நடப்பது, எதைப் புகைக்காமல் விடுவது, தலையில் எதைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவது, பிள்ளையை எவ்வளவு நேரம் முற்றத்தில் விளையாட விடுவது என்பவைதான் அவை. கண்ணுக்கென்று ஒரு சொட்டு மருந்தோ அப்பியாசமோ தேடிப் போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். கண்ணின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். கருமணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை, பழைய கலங்களை உதிர்க்காத உறுப்பு. தோல் உதிர்ந்து புதுப்படுகிறது. வில்லையோ புதிய இழைகளைப் பழையவற்றின் மேலே சுற்றிச் சுற்றி வளர்கிறது. அதன் நடுவில் இருக்கும் புரதம் தாயின் வயிற்றில் உருவானது. எண்பது வயதிலும் ஒளி அதே புரதத்தின் ஊடாகத்தான் உள்ளே போகிறது. அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் விட்ட கதிரியக்கக் காபனைத் தடயமாகக் கொண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் இதை உறுதிப்படுத்தினார்கள். இறந்தவரின் வில்லையிலிருந்து அவர் பிறந்த ஆண்டைக் கணிக்க முடிந்தது. விழித்திரையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதில் ஒளியை வாங்கும் கோல் கலங்கள் தங்கள் வெளிநுனியை நாளுக்கு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வீதம் உதிர்த்துப் புதுப்பிக்கின்றன. அதற்கு இடையறாமல் ஒட்சிசனும் உணவும் வேண்டும். அவற்றைக் கொண்டுவரும் குழாய்கள் உடலிலேயே மிக நுண்ணியவற்றைச் சேர்ந்தவை. ஆகவே வில்லைக்குச் செய்த கேடு வாழ்நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். விழித்திரைக்கு வரும் கேடு இரத்தத்தின் வழியாக வரும். பழக்கங்கள் பார்வையைத் தொடும் வழிகளில் முதன்மையானவை இந்த இரண்டும்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து புறப்பட்டு இன்று பல நாடுகளில் வாழும் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழும். அப்பு எண்பது வயதிலும் கண்ணாடி போடாமல் பேப்பர் வாசித்தார், ஆச்சி விளக்கு வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்தா, எல்லாம் ஊர்ச்சாப்பாட்டின் பலன் என்பார்கள். இந்தப் பேச்சில் அன்பு நிறைய இருக்கிறது. அதில் உண்மை எவ்வளவு என்பதுதான் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. நாற்பதைத் தாண்டிய எவருக்கும் வில்லை இறுகுகிறது. கிட்டத்தில் உள்ள எழுத்து மங்குகிறது. எந்தக் கீரையும் அதைத் தடுப்பதில்லை. எண்பது வயதில் ஒருவர் திடீரெனக் கண்ணாடியில்லாமல் வாசிக்கத் தொடங்கினால் வைத்தியர் முதலில் ஐயப்படுவது கண்புரையைத்தான். வில்லையின் நடுப்பகுதி தடித்துப் புரை கட்டும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்கிறது. தூரத்தில் வருகிற ஆளைத் தெரியாமல் போகும். கையில் உள்ள எழுத்துச் சிலகாலம் தெளிவாகத் தெரியும். வீட்டார் வியந்து சொல்லும் அந்தத் தெளிவு நோயின் தொடக்கமாக இருந்திருக்கக் கூடும். இன்னொன்றும் உண்டு: கண் தெரியாமல் திண்ணையிலேயே காலம் கழித்தவர்களைப் பற்றி அதே குடும்பங்களில் அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. நினைவில் நிற்பது நல்ல கண்கள் மட்டுமே. எனினும் அந்தப் பேச்சை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. தீவின் பழைய வாழ்க்கையில் கண்ணைக் காத்தவையும் இருந்தன, கெடுத்தவையும் இருந்தன. இரண்டையும் பிரித்து அறியாமல் ஊரை முன்மாதிரியாகக் காட்டுவது அடுத்த தலைமுறையின் கண்களுக்கு உதவாது.

கெடுத்தவற்றில் முதலாவது வெளிச்சம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தில் பகல் பதினொரு மணிக்குச் சைக்கிளில் வருகிறவர் முகத்தைச் சுளித்துக் கண்ணை இடுக்கியபடியே வருவார். மேலே வெயில், இருபுறமும் ஆழமில்லாத கடலில் பட்டுத் தெறிக்கும் வெயில். உலர்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 வீதத்தையும் கடல் நுரை 25 வீதத்தையும் திருப்பி எறிவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புருவமும் மேலிமையும் மேலிருந்து விழும் ஒளிக்கு அமைந்த காவல். கீழிருந்து எழுவதை அவை அவ்வளவாக மறிப்பதில்லை. கண்ணுக்குள் புகும் புறஊதாவில் குறுகிய அலைகளை முன்னால் கருவிழியை மூடியுள்ள விழிவெண்படலம் உறிஞ்சுகிறது, மீதியில் பெரும்பங்கை வில்லை உறிஞ்சுகிறது. விழித்திரை தப்புகிறது, அந்தச் செலவை வில்லை ஏற்கிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்த 838 கடற்றொழிலாளரை ஆராய்ந்து 1988இல் வெளிவந்த ஆய்வு, வாழ்நாளில் கண்ணில் பட்ட புறஊதா பி கதிர் இரட்டித்தால், வில்லையின் புறப்பகுதியில் புரை உண்டாகும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்று கண்டது. செசபீக் இருப்பது ஏறத்தாழ 38 பாகை வடக்கில். புங்குடுதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் இருப்பது பத்துப் பாகைக்கும் கீழே, நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் உயரத்தில் நிற்கும் இடத்தில். இங்கே விடியலில் வள்ளம் எடுத்து வெயில் ஏறும்வரை வலையோடு நிற்பவரின் கண் வாங்கும் கதிர் அங்குள்ளவருடையதிலும் குறைவாக இருக்க நியாயமில்லை. வெள்ளைவிழியிலிருந்து கருவிழியின் மேல் முக்கோணமாகச் சதை படர்ந்து வளரும் நோயும் இதே வெயிலோடும் காற்றோடும் சேர்ந்து வருவது; கடலோரக் கிளினிக்குகளில் அது அன்றாடக் காட்சி.

இதற்கு மாற்று மிக எளியது. அகன்ற விளிம்புள்ள தொப்பி கண்ணில் படும் கதிரை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. தலையில் இறுக்கிக் கட்டும் துவாய் வியர்வையை வாங்கும், உச்சியைக் காக்கும். கண்ணுக்கு நிழல் தராது. பனையோலையில் அகன்ற தொப்பி பின்னத் தெரிந்த கைகள் இந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன. அது கண்காட்சிப் பொருளாகி, வள்ளத்தில் ஏறாமல் நிற்பது வருத்தத்துக்குரியது. கறுப்புக் கண்ணாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை வேண்டும். நிறம் காவல் ஆகாது. புறஊதாவைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கருமணி விரிந்து கதிருக்கு வழியைத்தான் அகலமாக்கும். நிறமே இல்லாத பொலிகாபனேற்று வில்லை புறஊதாவை நிறுத்தும். தெறித்து வரும் தூண்டில் முள்ளையும் நிறுத்தும். தொழிலுக்குப் போகிறவருக்கு உகந்தது அதுதான்.

மே மாதத்தில் எழுந்து செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் தீவின் மறு சோதனை. உப்பும் புழுதியும் கலந்த அந்தக் காற்றில் கண்ணீர்ப் படலம் விரைவில் உலர்கிறது. கண் கரிக்கிறது, சிவக்கிறது, கசக்கச் சொல்கிறது. முன்பு இதோடு அடுப்புப் புகையும் சேர்ந்தது. பன்னாடையும் கங்குமட்டையும் ஊமலும் எரியும் தாழ்ந்த குசினியில், காற்று உள்ளே புகுந்துவிடாமல் யன்னலையும் சாத்திக்கொண்டு, நாளுக்கு மூன்று வேளை ஊதாங்குழலோடு குனிந்திருந்தவர்கள் பெண்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் செய்யப்பட்ட ஆய்வுகள், விறகுப் புகையில் சமைத்த பெண்களுக்குப் புரை கூடுதலாக வருவதைக் காட்டின. ஆச்சியின் கண்ணைக் காத்தது அவரது சமையல் என்று சொல்லும்போது, அந்தச் சமையலின் புகை அவரது கண்ணுக்குள்தான் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகையிலையின் கணக்கு இதைவிடப் பெரியது. யாழ்ப்பாணத்தின் செம்மண் புகையிலைக்குப் பெயர் பெற்றது. புங்குடுதீவார் தென்னிலங்கை நகரங்களில் வைத்த கடைகளில் சுருட்டு முக்கியமான சரக்கு. வீட்டுத் திண்ணையில் சுருட்டு முதியவரின் உரிமையாக இருந்தது. புகைப்பவருக்கு விழித்திரையின் நடுப்புள்ளி முதுமையில் சிதையும் நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. எதிரே நிற்பவரின் தோளும் கையும் தெரிய, முகம் மட்டும் தெரியாமல் போகும் நோய் அது. வில்லையின் நடுப்புரையும் புகைப்பவரிடம் முந்தி வருகிறது. பார்வைக்காக ஒருவர் தன் விருப்பால் செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றம் எது என்று கேட்டால், உணவுக்கும் மூலிகைக்கும் முன்னால் சொல்ல வேண்டியது சுருட்டையும் சிகரற்றையும் விடுவதைத்தான். விட்ட பிறகு ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, ஆகவே எழுபதில் விடுவதும் வீண் போகாது.

உணவுக்கு வந்தால் ஊர்ப்பேச்சுக்குப் பக்கபலம் கிடைக்கிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் நிறப்பொருளைக் கண் விற்றமின் ஏயிலிருந்து செய்கிறது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண். பிறகு வெள்ளைவிழி வறண்டு, கருவிழி இளகிக் கரைந்து, பிள்ளை சில நாட்களிலேயே பார்வையை நிரந்தரமாக இழந்துவிடும். தீவு வளவுகளில் வேலியோரம் நிற்கும் முருங்கை இதற்குப் பெரிய காவல். முருங்கையிலை வறை செய்யும் முறையை உற்றுப் பார்த்தால், ஏட்டில் படிக்காத அறிவு அதில் இருப்பது தெரியும். சின்ன வெங்காயமும் செத்தல்மிளகாயும் எண்ணெயில் வதங்கிய பிறகுதான் இலை சட்டிக்குள் போகும். இலை சுருண்டு ஈரம் வற்றும் வேளையில் தேங்காய்ப்பூவைத் தூவி இரண்டு கிளறு கிளறி இறக்கிவிடுவார்கள். நெருப்பு நீளாததால் கரோட்டின் அதிகம் அழிவதில்லை; எண்ணெயும் தேங்காய்க் கொழுப்பும் இருப்பதால் குடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. கொழுப்பில்லாமல் அவித்த இலை, எவ்வளவு தின்றாலும், பாதிப் பயன்கூடத் தருவது ஐயம். உணவில் உள்ள பீற்றா கரோட்டின் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு சேர்ந்தால்தான் ஒரு பங்கு விற்றமின் ஏ ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அளவும் முறையும் இரண்டுமே வேண்டும். பனம்பழத்தின் மஞ்சட் களியிலும் கரோட்டின் இருக்கிறது. ஆடி ஆவணியில் விழும் பழத்தைப் பிசைந்து வடித்து, பந்தலில் விரித்த பாயில் நாளுக்கொரு படையாக ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாக்குகையில் வெயில் அதில் ஒரு பகுதியைக் கொன்றுவிடுகிறது. எஞ்சியது மழைக்காலம் வரை பெட்டிக்குள் இருக்கும். சூடையும் கீரிமீனும் முழுதாகக் குழம்பில் போனால் விற்றமின் ஏ மாற்றம் தேவைப்படாத வடிவிலேயே கிடைக்கும். சுறா ஈரலில் அது மிகச் செறிவு. கடலும் வேலியும் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு இந்தச் சத்து பெரிய செலவில்லாமல் கிடைத்தது.

இந்தச் சத்தின் அருமையைக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகள் 15,419 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிதளவு விற்றமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான முடிவு, கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடையே இறப்பு 54 வீதம் குறைந்ததைச் சொன்னது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையே காத்தது. ஆனால் குறைவை நிரப்புவது ஒன்று, நிரம்பியதன் மேல் ஊற்றுவது வேறு. முதியவர்களின் நடுப்புள்ளிச் சிதைவு பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, குறிப்பிட்ட அளவு விற்றமின்களும் நாகமும் சேர்ந்த மாத்திரை, நோய் ஏற்கெனவே இடைநிலைக்கு வந்தவர்களில் அது முற்றுவதை ஏறத்தாழ 25 வீதம் குறைத்ததை 2001இல் அறிவித்தது. நோயே இல்லாதவருக்கு அந்த மாத்திரை பயன் தந்ததாக நிறுவப்படவில்லை. 2013இல் அதன் தொடர்ச்சி, ஒமேகா 3 மாத்திரையால் மேலதிகப் பயன் இல்லை என்று கண்டது. மீன் தின்பவர்களிடம் நோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருந்தும், மீனின் எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தபோது அது கைகொடுக்கவில்லை. பின்லாந்தில் புகைப்பவர்களுக்குப் பீற்றா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது, 1994இல் தெரியவந்த முடிவின்படி, நுரையீரற் புற்றுநோய் கூடியிருந்தது. இலையில் இருந்தபோது நன்மை செய்தது போத்தலுக்குள் போய்ச் சுருட்டுப் பிடிப்பவரின் வயிற்றில் சேர்ந்தபோது தீமை செய்தது. வெளிநாட்டு உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் கண் மாத்திரைப் போத்தல்களை விழுங்குமுன் ஒரு வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

கீரை தின்னுங்கள், முகம் கழுவுங்கள் என்ற புத்திமதி தீவில் கிணற்றடிக்குப் போனதும் தடுக்குப்படுகிறது. சுண்ணாம்புக்கல் தரைக்கடியில் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கூட இறைத்தால் உவர் மேலேறும், கிணறு கைவிடப்படும். முருங்கை வரட்சி தாங்கும், அதனால் நிற்கிறது. பொன்னாங்காணியும் வல்லாரையும் நல்ல தண்ணீர் கேட்கும். கண்ணோய் வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாமல் தடுப்பது கை கழுவுவதும் துவாயைப் பொதுவாக்காமல் வைத்திருப்பதும். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் அது எல்லாருக்கும் இருந்ததா என்பது இன்னும் கடுமையான கேள்வி. புங்குடுதீவில் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், கண்ணகை அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று 1971இல் அறப்போராட்டத்தில் இறங்கினார், தாக்கப்பட்டார், சிறைப்பட்டார், 1973இல், நாற்பது வயதாகுமுன், இறந்தார். கண் நோய் தீர வெள்ளியில் கண் செய்து அம்மனுக்குச் சாத்துவது தமிழர் நேர்த்தி. அந்த நேர்த்தியை வைக்கக்கூடிய கோயில் ஒன்றின் வாசலில், கண் கழுவத் தண்ணீர் மறுக்கப்பட்டிருக்கிறது. நல்ல பழக்கத்தைத் தனி மனிதரின் ஒழுக்கமாக மட்டும் எழுதும் சுகாதாரக் கைநூல்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகின்றன. ஒரு தாய் பிள்ளையின் முகத்தை நாளுக்கு எத்தனை தரம் கழுவினாள் என்பதை அவளுடைய அக்கறை மட்டும் தீர்மானிக்கவில்லை. கிணறு எவ்வளவு தூரம், அது யாருடையது, கயிற்றைத் தொட அவளை விட்டார்களா என்பவையும் சேர்ந்தே தீர்மானித்தன.

1990-91 காலப்பகுதியில் போர் தீவுகளை ஏறத்தாழ வெறுமையாக்கியது. கொழும்பு, கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று சிதறிய குடும்பங்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, புகையில்லாத அடுப்பு வந்தது, கண் வைத்தியர் பக்கத்தில் வந்தார். பார்வைக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. பல மணிநேரம் உட்கார்ந்தோ நின்றோ செய்யும் வேலை, இரவு வேலை முடித்து நேரம் தப்பிச் சாப்பிடும் குத்தரிசி அல்லாத சோறு, கொண்டாட்டத்துக்குக் கொண்டாட்டம் பெருகும் இனிப்பு, குளிரில் வீட்டுக்குள் அடங்கிய கால்கள். தென்னாசிய உடலுக்குச் சீனி வருத்தம் எளிதில் வரும். இடம்பெயர்ந்த வாழ்க்கை அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. ஊரில் இருப்பவர்களும் இப்போது அதே வழியில்தான். மோட்டார்ச் சைக்கிள் நடையை எடுத்துக்கொண்டது, பெட்டிக்கடையில் முதலில் கண்ணில் படுவது சோடாப் போத்தல். கூடிய சீனி விழித்திரையின் நுண்குழாய்களின் சுவரை நலியச் செய்கிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை புதிய குழாய்களை வளர்க்க, அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. அதுவரை பார்வை நன்றாகவே இருக்கும், வலியும் இராது. இந்த மௌனம்தான் நோயின் கொடுமை. இன்சுலின் பாவிக்கும் வகை நீரிழிவுள்ள 1,441 பேரில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவினரிடம், நோய் புதிதாக விழித்திரையில் தோன்றும் வாய்ப்பு 76 வீதம் குறைந்ததை வட அமெரிக்க ஆய்வு 1993இல் காட்டியது. இரண்டாம் வகையினரில் பிறஷரை இறுக்கிப் பிடித்தவர்களிடம் விழித்திரை மோசமாவது 34 வீதம் குறைந்ததை 1998இல் பிரித்தானிய ஆய்வு காட்டியது. நடை, உப்புக் குறைப்பு, மாத்திரையைத் தவறவிடாமை ஆகியவை கண்ணுக்குச் செய்யும் தொண்டு இதுதான். பனங்கட்டி இயற்கையானது, சீனி வருத்தக்காரருக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை தீவிலும் வெளியிலும் வேரூன்றியிருக்கிறது. பனங்கட்டியில் பெரும்பங்கு சுக்குரோசுதான், கடைச்சீனியில் இருப்பதும் அதுவே. ஊர்ப்பற்றை இந்த ஒன்றில் மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பிள்ளைகளின் கண்ணுக்கு வரும்போது வெயிலைப் பற்றி மேலே சொன்னவை எல்லாம் ஒரு முரணில் மாட்டிக்கொள்கின்றன. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதினரை, ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 வீதம், சிட்னியில் 3.3 வீதம். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாக வாசித்தவர்களும் அல்லர். பெரிய வேறுபாடு வெளியில் கழித்த நேரம்: வாரத்துக்கு அங்கே ஏறத்தாழ 14 மணித்தியாலம், சிங்கப்பூரில் 3. சீனாவின் குவாங்சோவில் பாடசாலை நாளில் 40 நிமிடம் வெளிநேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 வீதத்திலிருந்து 30.4 வீதமாகக் குறைந்தார்கள். பிரகாசமான ஒளியில் விழித்திரை சுரக்கும் டோபமின், விழி நீளமாய் வளர்வதைத் தடுக்கிறது என்பது இப்போதைய விளக்கம். முதியவரின் வில்லையைக் கெடுக்கும் அதே வெயில் சிறுவரின் விழியைச் சரியான அளவில் நிறுத்துகிறதென்றால் எதைச் சொல்வது? முரணைத் தீர்ப்பது மர நிழல். வேலைசெய்வது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பிரகாசம். அதற்குப் புறஊதா நேரடியாகப் படத் தேவையில்லை. வேம்பின் கீழே, தொப்பியோடு, மாலை நான்கு மணிக்குக் கிளித்தட்டு மறிக்கும் பிள்ளையின் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சம் எந்த வகுப்பறையிலும் கிடைப்பதைவிடப் பல மடங்கு. தீவுப் பிள்ளைக்கு இது இலவசமாகக் கிடைத்தது. ரியூசன் கொட்டில்கள் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு இங்கேயும் அது அரிதாகி வருகிறது. தொலைபேசித் திரையின் நீலஒளி விழித்திரையை எரிக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. திரையின் தீங்கு வேறு வகையானது: பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்து கண் வரள்கிறது, பிள்ளை வெளியே போகும் நேரத்தையும் திரை தின்றுவிடுகிறது.

காயத்தின்போது கை பழகியிருக்கும் பழக்கமும் பார்வையைத் தீர்மானிக்கும். வேலி அடைக்கையில் கருக்குமட்டை தெறித்தாலோ, ஓலை நுனி குத்தினாலோ, விழிவெண்படலத்தில் கீறல் விழும். நந்தியாவட்டைப் பூச்சாறும் இலைச்சாறும் தாய்ப்பாலும் அந்தக் கண்ணில் விடப்பட்டு வந்திருக்கின்றன. தமிழ் மருத்துவத்தின் நயனவிதி நூல்கள் கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என்று வகுத்தவை. அந்தக் கூர்மையான நோக்குக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் கீறிய கண்ணில் தூய்மையற்ற சாறு போவது பங்கசையும் பற்றீரியாவையும் நேரே உள்ளே விடுவதாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு பார்வையை மறைத்து நிற்கும். நேபாளத்தின் பக்தபூரில், கீறல் விழுந்தவர்களுக்குக் கிராமத்திலேயே குளோரம்பெனிக்கோல் களிம்பு மூன்று நாள் போட்டுப் பார்த்தார்கள். 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் எவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001இல் அந்த ஆய்வு அறிவித்தது. கடையில் தானாக வாங்கும் ஸ்ரெரொயிட் சொட்டு இதற்கு எதிர்த்துருவம். பங்கசுப் புண்ணை அது வளர்க்கும், நீண்டநாள் பாவித்தால் புரையையும் கண்ணழுத்தத்தையும் கொண்டுவரும். உடற்கூறோடு சுகாதாரத்தையும் சேர்த்து அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 1857இல் தமிழில் அச்சிட்ட நூல் மானிப்பாயிலிருந்து வந்தது. கண்ணைப் பேணும் அறிவு யாழ்ப்பாணத்துக்குத் தன் மொழியிலேயே வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

பழக்கங்களால் எட்ட முடியாத நோய்களும் உண்டு. 2014-15இல் நடந்த தேசிய ஆய்வு இலங்கையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 1.7 வீதத்தினர் பார்வையற்றவர்கள் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் என்றும் கண்டது. தொப்பி புரையைப் பின்தள்ளும். வந்துவிட்ட புரையைக் கரைக்கும் உணவோ சொட்டோ இல்லை, சத்திரசிகிச்சை ஒன்றே வழி. கண்ணழுத்த நோய் அதிலும் கடினம். அது ஓரப்பார்வையை மெல்லமெல்ல அரித்து வரும், போனது திரும்பாது, முருங்கையோ நடையோ அதைத் தடுத்து நிறுத்தியதற்குச் சான்றில்லை. நாற்பதுக்குப் பின் ஒருமுறையும் பின்னர் வைத்தியர் சொல்லும் இடைவெளியிலும், சீனி வருத்தக்காரர் ஆண்டுதோறும், கருமணியை விரித்துப் பின்புறத்தைக் காட்டுவதுதான் இங்கே உள்ள ஒரே பழக்கம். நெடுந்தீவிலிருந்து அதற்குக் குறிகட்டுவான் வரை படகு, பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ். மருந்து விட்ட கண் பல மணிநேரம் மங்கலாகவே இருக்கும், வெயில் குத்தும். கூட ஒருவர் போகாமல் முடியாது, அந்த ஒருவரின் நாட்கூலியும் போகும். கிளினிக் கொப்பியில் தவறிய திகதிகள் பெரும்பாலும் இந்தச் செலவால் தவறியவை. நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 1998இல் வெளியான ஆய்வின்படி, கண்ணழுத்த நோயாளியின் உடன்பிறப்புக்கோ பிள்ளைக்கோ அதே நோய் வாழ்நாளில் வரும் வாய்ப்பு 22 வீதம், மற்றவர்களுக்கு 2.3 வீதம். இறுப்பிட்டியில் ஒருவருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டால் சோதிக்கப்பட வேண்டிய அண்ணனும் தங்கையும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கலாம். அங்கே கண்டுபிடிக்கப்பட்டால் இங்கே இருப்பவர் சோதிக்கப்பட வேண்டும். நோயின் பெயர், கண்டுபிடித்த வயது, இப்போது விடும் சொட்டு மருந்தின் பெயர் ஆகிய மூன்றையும் தொலைபேசியில் மறைக்காமல் சொன்னால் அங்குள்ள வைத்தியருக்குப் போதும்.